எனக்கு மட்டும் பொருந்தும் மாத்திரைகள்

பாடாங் செராயில் ஒரு தமிழ்ப்பள்ளியின் சிற்றுண்டிச்சாலையை நான் நடத்தி வந்தேன். ஒருநாள் ஓய்வு நேரத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மீ கோரேங், வறுத்த நூடுல்ஸ், போடுவதற்காக முன்னால் நின்றவளிடம் தட்டை நீட்டச் சொல்ல நினைத்தேன். "செருப்ப நீட்டு" என்று வந்துவிட்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் முட்டைக்கு வேறு ஏதோ சொன்னேன். அடுத்த வாரத்தில் பிள்ளைகள் நான் என்ன சொல்வேனோ என்று காத்திருந்து கேட்க ஆரம்பித்தார்கள். "ஆண்ட்டி, இது பேரு என்னா சொல்லுங்க" என்று கரண்டியைக் காட்டுவார்கள். எனக்குச் சில நேரம் வராது.

களைப்பு என்றுதான் நினைத்தேன். விடியும் முன்பே எழுந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டுகிறவளுக்குக் களைப்பு புதிதா என்ன? பிறகு ஒருநாள் குழம்புச் சட்டிக்கு முன்னால் நிற்கும்போது வலது கை விரல்கள் தாமாகத் துடித்தன. என் கை என்ன செய்கிறது என்று நானே வேடிக்கை பார்த்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நினைவிருப்பது சிமெண்டுத் தரையும், என் தலையைத் தன் மடியில் வைத்திருந்த தலைமையாசிரியையின் முகமும்தான்.

என் கணவர் மணியம் கோலா கெத்தில் என்ற ஊரின் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். லோரியை அப்படியே ஆலை வாசலில் விட்டுவிட்டு, சட்டையெல்லாம் சிவப்பு மண்ணோடு சுங்கைப் பட்டாணி மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். தலையை ஸ்கேன் எடுத்த பெண் டாக்டருக்குச் சின்ன வயது. மலாயில் "ஏதோ வளர்ச்சி இருக்கிறது" என்றார். மணியம் நேராகவே கேட்டார், கேன்சரா என்று. டாக்டர் பதில் சொல்லாமல், பினாங்குக்கு அனுப்பி வைக்கிறேன் என்றார். பதில் கிடைத்துவிட்டது.

பினாங்கில் என்னைப் பார்த்தவர் டாக்டர் லிம், மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர். மென்மையாக மலாய் பேசுவார். கட்டியை எடுத்து ஆய்வுக்கு அனுப்பிய பிறகு எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். நான், மணியம், பள்ளியின் கடைசி வகுப்பான படிவம் ஐந்தில் படிக்கும் எங்கள் மகள் கவிதா. மூளையின் நரம்புகளைத் தாங்கி நிற்கும் செல்களிலிருந்து வரும் புற்றுநோய், அதிலும் மிக வேகமானது என்றார். முழுவதையும் எடுத்துவிட்டீர்களா என்று கவிதா கேட்டாள். கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்துவிட்டேன், ஆனால் இது லாலாங் புல் மாதிரி, மேலே வெட்டினாலும் வேர் மண்ணுக்குள் ஓடியிருக்கும் என்றார் அவர்.

பிறகு கதிர்வீச்சு. முகத்தின் அளவுக்கே செய்த வலை முகமூடியை மாட்டி, அதை மேசையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். தலை அசையக்கூடாது என்பதற்காக. மூச்சு விட முடியும், ஆனால் விட முடியாது என்றே மனம் சொல்லும். அதோடு மாத்திரைகள், மூளை வீக்கத்தைக் குறைக்க ஸ்டெராய்டு. முகம் பூசணிக்காயாக ஊதியது. பள்ளிப் பிள்ளைகள் பார்த்தால் பயப்படுவார்கள் என்று நான் பாசார், கடைத்தெரு பக்கமே போகவில்லை. சில மாதம் நன்றாகத்தான் இருந்தது. சொற்கள் திரும்பி வந்தன. சிற்றுண்டிச்சாலைக்குத் திரும்பலாமா என்றுகூட யோசித்தேன்.

ஒருநாள் கவிதாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அவள் பெயர் வரவில்லை.

எதிரில்தான் நிற்கிறாள். நான் பெற்ற பிள்ளை. பெயர் மட்டும் இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "கவிதா மா. கவிதா," என்று தன் பெயரைத் தானே எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஸ்கேனில் பழைய இடத்திலேயே கட்டி மறுபடி வெள்ளையாகத் தெரிந்தது. வழக்கமாகத் தரும் மருந்துகளில் இனிப் பெரிதாக எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்றார் டாக்டர் லிம். மணியம் எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அப்போதுதான் டாக்டர் வேறொன்றைச் சொன்னார். ஆராய்ச்சிக் குழு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு நோயாளியின் கட்டியையும் கணினிக்குள் செய்து வைத்து, எந்த மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் அது அடங்கும் என்று பார்க்கிறார்கள். விருப்பமா என்று கேட்டார்.

அந்தக் குழுவின் டாக்டர் ஹஸ்லினா எங்களிடம் வந்து பேசினார். அவர் பேசிய மலாயில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். கட்டியின் துண்டை எடுத்து அதன் மரபணுவைப் படிப்பார்கள். அதில் உயிரோடு இருக்கும் செல்களைச் சின்னத் தட்டில் வளர்த்துச் சில மருந்துகளை ஊற்றிப் பார்ப்பார்கள். அந்த விவரங்களையெல்லாம் கணினியில் ஏற்றினால், என் கட்டியைப் போலவே வளரும் ஒரு நகல் அதற்குள் உருவாகும். அந்த நகலுக்கு மருந்துகளை இரண்டிரண்டாக, மூன்று மூன்றாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். மனிதருக்கு அப்படி ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்க முடியாது. ஆயுளும் போதாது, உடம்பும் தாங்காது. இரத்தத்திலிருந்து மூளைக்குள் எதையும் எளிதில் விடாத ஒரு தடுப்பு நம் எல்லோருக்கும் இருக்கிறதாம். எந்த மருந்து அதைத் தாண்டும், கல்லீரல் எவ்வளவு தாங்கும் என்பதையும் கணினி கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

மணியத்துக்குக் கோபம் வந்துவிட்டது. வெளியே வந்ததும் கத்தினார்.

"என் பொண்டாட்டி என்னா கம்ப்யூட்டர் கேமா? வெளயாடிப் பாக்குறானுங்களா?"

"ப்பா, மழை காலத்துல எந்த ஆத்துல எவ்ளோ தண்ணி ஏறும், எந்தக் கம்போங்ல வீடு முழுகும்னு முன்னாடியே கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்குறாங்கல்ல? அது மாதிரி லா," என்றாள் கவிதா.

"பாத்துட்டு வெள்ளத்த நிப்பாட்டிட்டானுங்களா?"

"நிப்பாட்டல. ஆனா ஆளுங்கள முன்னாடியே ஏத்திட்டுப் போறாங்க."



அந்த நகலைச் செய்வதற்கு ஒரு விலை இருந்தது. முதல் அறுவைச் சிகிச்சையில் எடுத்த துண்டு உதவாது. அதில் உயிர் இல்லை. தவிர, திரும்பி வரும் கட்டி பழைய கட்டியாக இருக்காது, மருந்துகளுக்குத் தப்பியது மட்டும்தான் வளர்ந்திருக்கும் என்றார்கள். ஆகவே மறுபடியும் மண்டையைத் திறக்க வேண்டும். கட்டி இருப்பது பேச்சை ஆளும் இடத்தை ஒட்டி. பேச்சு போகலாம்.

வார்டில் என் கட்டிலில் உட்கார்ந்து நானும் மணியமும் இதைப் பேசினோம்.

"பேச்சு போனா போவுது தனம். நான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசிக்கிறேன்."

"நீங்க பேசறது எனக்குப் புரியலன்னா?"

அவர் அதை யோசித்திருக்கவில்லை. பேச்சு போனால் சில பேருக்குப் பிறர் பேசுவதும் வெறும் சத்தமாகிவிடும் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். மணியம் என் காலைப் பிடித்து அமுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, "ஒனக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடி," என்றார். எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். கவிதா பரீட்சை எழுதி முடிக்கும்வரையாவது நான் இருக்க வேண்டும். சரி என்றேன்.

அந்த அறுவைச் சிகிச்சையை நான் விழித்திருக்கும்போதே செய்தார்கள். கேட்கிறவர்கள் நம்புவதில்லை. மூளைக்கு வலி தெரியாது. தோலையும் எலும்பையும் மட்டும் மரத்துப்போக வைப்பார்கள். பேசிக்கொண்டே இருந்தால்தான் எங்கே வெட்டலாம், எங்கே கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். டாக்டர் லிம்முக்குத் தமிழ் தெரியாது என்பதால் மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் தமிழ்ச் செவிலி விமலா என் முகத்துக்கு நேராக உட்கார்ந்து படங்களைக் காட்டினார்.

"இது என்னாக்கா?"

"சேவல்."

"இது?"

"சாவி."

தலைக்குப் பின்னால் ஏதோ உறிஞ்சும் சத்தம். என் தலைக்குள்ளிருந்து வருகிறது என்று நினைக்காமலிருக்கப் படங்களையே பார்த்தேன். மேசை, மீன், சட்டை. அடுத்த படத்தில் ஏணி. அது என்னவென்று எனக்குத் தெரியும். அதில் ஏறித்தான் மணியம் கூரைத் தகரத்தை மாற்றினார். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

"அக்கா, இது என்னா? அக்கா?"

மிஸ்ஸி விமலா நிமிர்ந்து டாக்டரைப் பார்த்துத் தலையாட்டினார். உறிஞ்சும் சத்தம் நின்றது. கொஞ்சம் கழித்துச் சொல் வந்தது. "ஏணி, ஏணி," என்று அழுதுகொண்டே சொன்னேன். அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டோம் என்று பிறகு டாக்டர் லிம் சொன்னார். ஏணி அங்கே இருக்கிறது. கட்டியின் மிச்சமும் அங்கேதான் இருக்கிறது.

முடிவு வரப் பல வாரமாகும் என்றார்கள். அந்தக் காத்திருப்பைப் போல ஒன்றை நான் அனுபவித்ததில்லை. அங்கே கணினிக்குள் ஒரு கட்டி வளர்கிறது. இங்கே எனக்குள்ளும் வளர்கிறது. எது முந்தும்?

அந்த நாட்களில்தான் காத்திருக்கும் கூடத்தில் புஷ்பாவைச் சந்தித்தேன். பாலிங்கிலிருந்து கணவர் ராஜேந்திரனை அழைத்துக்கொண்டு வருவாள். அவர் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், பிறகு பள்ளியொன்றில் காவலாளி. என்னுடைய நோய்தான் அவருக்கும். ஆனால் கட்டி மூளையின் ஆழத்தில் இருந்தது. கத்தி போக முடியாத இடம். ஊசியால் சிறு துணுக்கு மட்டும் எடுத்திருந்தார்கள். நோயின் பெயரைச் சொல்ல அது போதும், தட்டில் வளர்க்கப் போதாது. அவர் சக்கர நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வணக்கம் சொல்வார்.

முதல்நாளே புஷ்பா என் தலைத் தையலைப் பார்த்துவிட்டாள். நான் துண்டால் மூடியிருந்தது சரிந்திருந்தது. ஒன்றும் கேட்காமல் தன் பையிலிருந்து ஒரு பருத்தித் துணியை எடுத்து, தையலில் படாமல் அழகாகக் கட்டிவிட்டாள். "இவருக்குத் துணி கட்டி கட்டி பழக்கமாயிருச்சிக்கா," என்றாள். அதன் பிறகு எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே நாளில் வருகிற மாதிரி தேதி கேட்டு வாங்கிக்கொள்வோம்.

கடைசியில் டாக்டர் ஹஸ்லினா கூப்பிட்டார். திரையில் ஒரு கோடு. மருந்து கொடுக்காவிட்டால் கட்டி எப்படி வளரும் என்பது. அது நேராக மேலே ஏறியது. கீழே இன்னொரு கோடு. இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் எப்படி என்பது. ஒன்று வேறொரு புற்றுநோய்க்குத் தரும் மாத்திரை. மற்றது மூளை நோய்க்கே சம்பந்தமில்லாத, பல காலமாகப் புழக்கத்தில் இருக்கும் மாத்திரை. தனித்தனியாகக் கொடுத்தால் இரண்டும் என் கட்டியை ஒன்றும் செய்யாது. ஒரு கதவை அடைத்தால் அது இன்னொரு கதவால் தப்பிக்கிறது, இரண்டையும் ஒரே நேரத்தில் அடைக்க வேண்டும் என்றார். அந்தக் கோடு இறங்கியது, கொஞ்ச தூரம் படுத்துக்கொண்டே போனது, பிறகு ஏறியது.

"ஏன் ஏறுது?" என்று கேட்டேன்.

மிஞ்சும் சில செல்கள் மூன்றாவது வழியைக் கண்டுபிடித்துவிடும் என்றார்.

"எத்தன தடவ போட்டுப் பாத்தாலும் ஏறுதா?"

ஆயிரக்கணக்கான முறை ஓட்டிப் பார்த்தோம், சில முறை ஏறவில்லை, பெரும்பாலும் ஏறுகிறது என்றார். பொய் சொல்ல அவருக்கு வராது என்று அன்று தெரிந்தது. அதற்காக அவரை வெறுத்தேன். பிறகு அதற்காகவே நம்பினேன்.

மூன்றாவது மருந்து ஒன்றைச் சேர்த்தால் கோடு இன்னும் கீழே போகிறது என்பதும் திரையில் இருந்தது. மணியம் அதைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர், மூணும் குடுங்க. கையெழுத்து எங்க போடணும்?" டாக்டர் ஹஸ்லினா வேறொரு படத்தைக் காட்டினார். மூன்றும் சேர்ந்தால் இரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜை தாங்காது. கட்டி சாகும் முன்பு நான் செத்துவிடுவேன். மணியம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்ப இது நகல்தானே? தப்பா இருந்தா?" என்றார். தப்பாகவும் இருக்கலாம், இது உறுதிமொழி இல்லை, நகலில் இல்லாதவை உங்கள் மனைவியின் தலையில் இருக்கும் என்றார் அவர். மருத்துவமனைக் குழுவின் ஒப்புதல் வந்ததும் இரண்டு மருந்துகளோடு ஆரம்பித்தோம்.

வாயெல்லாம் புண். உள்ளங்கையும் பாதமும் உரிந்து வந்தன. கவிதா பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கொடுப்பாள். மணியம் காலை நடைகளை மட்டும் ஓட்டுவதாக முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, மத்தியானம் வந்து சமைத்தார். என்னை அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்பார். எனக்குச் சாமான்களின் பெயர் வராதபோது விரலால் காட்டுவேன். அந்தச் சமையலைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். ஆனால் சாப்பிட்டேன்.

முதல் ஸ்கேன் வந்தது. கட்டி வளரவில்லை. ஒரு ஓரத்தில் கொஞ்சம் சுருங்கியும் இருந்தது. டாக்டர் லிம் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பியபோது அவர் கண்களில் சிரிப்பு தெரிந்தது. நான் மணியத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். புஷ்பா உட்கார்ந்திருந்தாள். அவளிடம் சொல்லாமல் எப்படி இருப்பது? சொன்னேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு என் கையை விடவே இல்லை.

"அக்கா. அதுல கொஞ்சம் குடுங்க."

"எதுல?"

"மாத்திரைல. ஒரு வாரத்துக்கு மட்டும் குடுங்க. இவர் இப்ப முழுங்க மாட்டேங்குறாரு, நான் பொடி பண்ணிக் குடுத்துருவேன்."

"புஷ்பா, ஒவ்வொருத்தர் கட்டியும் வேற வேறன்னு டாக்டர் சொல்றாங்களே..."

"தெரியும்க்கா. எல்லாம் தெரியும். தெரிஞ்சிதான் கேக்குறேன்."

மாத்திரைப் பை மணியத்தின் கையில் இருந்தது. அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டதைப் பார்த்தேன். புஷ்பாவும் பார்த்தாள். ராஜேந்திரன் நாற்காலியில் இருந்தபடி எங்கள் மூன்று பேருக்கும் வணக்கம் சொன்னார்.

நான் அவளை டாக்டர் ஹஸ்லினாவிடம் அழைத்துப் போனேன். அவர் கோபப்படவில்லை. ஊசித் துணுக்கிலிருந்து படித்த மரபணு விவரம் இருக்கிறது, செல் வளர்க்காமல் அதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் துல்லியமாக இருக்காது, ஆனாலும் போட்டுப் பார்க்கிறேன் என்றார். அடுத்த முறை வந்தபோது கூப்பிட்டார். புஷ்பா என்னையும் உள்ளே வரச் சொன்னாள். தனியாகக் கேட்கத் தைரியமில்லை என்றாள்.

திரையில் நிறைய கோடுகள். எல்லாம் ஏறின. என் மாத்திரைகளின் கோடு, மருந்தே கொடுக்காத கோட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டு போனது. தவிர, வலிப்புக்காக ராஜேந்திரன் சாப்பிடும் மருந்தோடு சேர்ந்தால் கல்லீரல் கெடும் என்றார் டாக்டர். அதைப் புஷ்பாவுக்கு நான் தமிழில் சொன்னேன். சொல்லும்போது என் வாயில் சொற்கள் தடையில்லாமல் வந்தன. அன்றைக்குப் பார்த்து ஒரு சொல்கூடத் தவறவில்லை.

"கம்ப்யூட்டர் தப்பா சொல்லலாம்னு அன்னிக்கி நீங்கதான சொன்னீங்கன்னு கேளுங்கக்கா," என்றாள் புஷ்பா.

கேட்டேன். தப்பாகச் சொல்லலாம்தான் என்றார் டாக்டர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். புஷ்பா திரையிலிருந்த அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, எது எங்கே முடிகிறது என்று பார்த்தாள்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில், பாலத்தின் மேல் காடியை ஓட்டிக்கொண்டிருந்த மணியத்திடம் கேட்டேன். "குடுத்திருக்கலாமோ?"

"குடுத்து அவருக்கு ஏதும் ஆயிருந்தா?"

"ஒன்னும் ஆகாம, நல்லாயிருந்தா?"

"தனம், ஒன்னு கொறஞ்சாலும் ஒனக்குக் கொறையும். எனக்கு அவ்ளோதான் தெரியும்," என்றார். நான் கொடுக்கவில்லை. கொடுத்திருக்கக் கூடாது என்று அறிவுக்குத் தெரியும். அறிவு சொல்வது எனக்கு ஆறுதலாக இருந்ததில்லை.

அதன் பிறகு புஷ்பா கூடத்துக்கு வரவில்லை. ராஜேந்திரனைப் பாலிங்கிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அவர் தவறிய செய்தி வந்தபோது எனக்குக் காய்ச்சல், வெள்ளையணுக்கள் குறைந்து வார்டில் கிடந்தேன். மணியம் மட்டும் போய்விட்டு வந்தார். அவள் என்னைப் பற்றி ஏதும் கேட்டாளா என்று கேட்டேன். கூட்டமாக இருந்தது என்று மட்டும் சொன்னார்.

இப்போது எனக்கு ஓர் இடைவெளி கிடைத்திருக்கிறது. அதற்குள் இதை எழுதுகிறேன். வராத சொற்களைக் கவிதா கேட்டுக் கேட்டு நிரப்புகிறாள். இரண்டாவது ஸ்கேனிலும் கட்டி அப்படியே இருக்கிறது. கோடு இப்போது படுத்திருக்கும் இடத்தில் நான் இருக்கிறேன். அது எந்த இடத்தில் ஏற ஆரம்பிக்கும் என்று டாக்டர் ஹஸ்லினா திரையில் காட்டியிருக்கிறார். கவிதாவின் பரீட்சை அதற்கு முன்பா, பின்பா என்று நான் கேட்கவில்லை. ஏறினால் மறுபடி ஒரு துண்டு எடுத்து மறுபடி ஓட்டிப் பார்க்கலாம் என்கிறார்கள். எடுக்க வேண்டிய துண்டு ஏணி இருக்கும் இடத்தில் இருக்கிறது.

ராஜேந்திரனின் காரியம் முடிந்த பிறகு, உடம்பு கொஞ்சம் தேறியதும், பாலிங்குக்கு அழைத்துப் போகச் சொன்னேன். மணியம் வேண்டாம் என்றார். பிடிவாதம் பிடித்தேன். வழியெல்லாம் அவள் என்னை வாசலிலேயே நிற்க வைப்பாள் என்றுதான் நினைத்தேன். நான் உயிரோடு போய் நிற்பதே அவளுக்குக் குத்தும்.

புஷ்பா கதவைத் திறந்தாள். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள். "வாங்கக்கா," என்றாள். உட்கார்ந்தோம். யாருக்கும் பேச்சு வரவில்லை. எனக்கு நோயால் வராதது என்று அவள் நினைத்திருக்கலாம். சக்கர நாற்காலியை யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். பிறகு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு மத்தியான மாத்திர இருக்கில்லக்கா?"

மணியம் பையைத் திறக்கத் தயங்கினார். அவள் வீட்டில், அவள் கண்முன்னால் எப்படி எடுப்பது? "வழில சாப்ட்டுக்கலாம்மா," என்றார்.

"வழில எதுக்குண்ண? நேரம் தப்பக்கூடாது."

எழுந்து போய் வெந்நீர் விளாவிக் கொண்டுவந்தாள். கையை நீட்டினாள். மணியம் இரண்டு மாத்திரைகளை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கையில் வைத்து, நான் விழுங்கி முடிக்கும்வரை தம்ளரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.